ஹேண்ட்பிரேக் தளர்ந்தால் கேபிளைத் தொடும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டால் ஏற்றமும் இறக்கமும்தான். சாட்ஸ்வொர்த்தில் தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏறும் சிமெண்ட் சரிவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காரை மேலே ஏற்றுவது ஒரு வேலை என்றால், ஏற்றிய இடத்தில் அது நிற்பது இன்னொரு வேலை. ராத்திரி முழுக்க, உள்ளே ஆள் இல்லாமல், எஞ்சின் ஓடாமல், ஒரு டன் எடையைப் பிடித்து நிறுத்தி வைப்பது ஹேண்ட்பிரேக். ஆனால் எண்ணெய் மாற்றுகிறோம், டயருக்குக் காற்று பார்க்கிறோம், இதை மட்டும் கார் ஒருநாள் நழுவும்வரை யாரும் கவனிப்பதில்லை.

கவனிக்கும்போதும் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான். கைப்பிடி வரவர மேலே வருகிறதா, கேபிளை நாலு சுற்று இறுக்கிவிடு. அன்றைக்கு நன்றாகப் பிடிக்கும், வேலை முடிந்த மாதிரியும் இருக்கும். பல நேரங்களில் அது தவறான இடத்தில் செய்த சரியான வேலை. ஹேண்ட்பிரேக் தளர்வதற்கான காரணம் பெரும்பாலும் கேபிளில் இருக்காது, பின் சக்கரத்துக்குள் இருக்கும். அதை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலை.

உள்ளே என்ன நடக்கிறது

காரை நிறுத்திவிட்டு, கைப்பிடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிளிக், கிளிக் என்று சத்தம் வரும். கைப்பிடியின் அடியில் பற்கள் வெட்டிய ஒரு வளைந்த தகடு இருக்கிறது. ஒரு சின்னக் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழுகிற சத்தம்தான் அது. கொக்கி பல்லில் மாட்டிக்கொள்வதால், நாம் கையை எடுத்தாலும் கைப்பிடி கீழே இறங்காது. நுனியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கொக்கி விலகும், கைப்பிடி இறங்கும்.

கைப்பிடியிலிருந்து இரும்புக் கேபிள் காருக்கு அடியில் பின்னால் போகிறது. சைக்கிள் பிரேக்கில் இருக்கிற அதே ஏற்பாடுதான், வெளியே ஓர் உறை, உள்ளே நழுவும் முறுக்குக் கம்பி. கொஞ்சம் தடிமன் அதிகம், அவ்வளவுதான். பல கார்களில் வழியில் ஒரு சின்னக் குறுக்குத் தகடு இருக்கும். நாம் இழுக்கும் விசையை இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை.

இப்போது பின் சக்கரத்துக்கு வருவோம். நம் ஊரில் ஓடுகிற டாஸ், சிட்டி கோல்ஃப் போன்ற பழைய சிறிய கார்களிலும், பின்னால் சரக்குத் தட்டு உள்ள பெரும்பாலான பக்கி வண்டிகளிலும் பின்னால் இருப்பது டிரம் பிரேக். டாஸ் தயாரிப்பு 2006-இலும், சிட்டி கோல்ஃப் 2009-இலும் நின்றுவிட்டன. ஆனாலும் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் அவைதான் நிற்கின்றன. டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புக் கிண்ணம். அதற்குள் சுழலாமல் நிற்கும் இரண்டு வளைந்த ஷூக்கள். ஷூவின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பட்டைதான் லைனிங். ஷூக்கள் விரிந்தால் லைனிங் டிரம்மின் உட்சுவரில் அழுந்தும், சக்கரம் நிற்கும்.

இந்த ஷூக்களை விரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. காலால் மிதித்தால் பிரேக் திரவம் வீல் சிலிண்டருக்குள் பாய்ந்து, அதன் பிஸ்டன்கள் இரண்டு ஷூக்களையும் வெளியே தள்ளும். கையால் இழுத்தால் கேபிள் ஷூவில் இருக்கும் ஒரு நெம்புகோலை இழுக்கும். அந்த நெம்புகோல், நடுவில் இருக்கும் ஒரு குறுக்குக் கம்பியைத் தள்ளி, இரண்டு ஷூக்களையும் விரிக்கும். திரவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. திரவம் முழுக்க ஒழுகிப்போனாலும் ஹேண்ட்பிரேக் வேலை செய்வது அதனால்தான். ஓடும்போது கால் பிரேக் கைவிட்டால், பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, கார் சுழன்றுவிடும்.

இரண்டு வழி, ஆனால் ஷூ ஒன்றே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் தளர்கிறது

லைனிங் தேயத் தேய, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளியைக் கடந்த பிறகுதான் பிரேக் பிடிக்கும். எனவே கால் பிரேக் கொஞ்சம் ஆழமாகப் போகும், கைப்பிடி கொஞ்சம் மேலே வரும். இதைத் தானாகச் சரிசெய்துகொள்ள டிரம்முக்குள்ளேயே ஒரு சாதனம் இருக்கிறது. சில கார்களில் அது திருகும் பல் சக்கரம், கோல்ஃப் போன்றவற்றில் ஸ்பிரிங் இழுக்கும் ஓர் ஆப்பு. கால் பிரேக் மிதிக்கும்போதோ, ஹேண்ட்பிரேக் இழுக்கும்போதோ, காரின் வகையைப் பொறுத்து, இடைவெளி அதிகமாக இருந்தால் இது ஒரு படி நகர்ந்து ஷூக்களை வெளியே நிறுத்தும்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சாதனம் லைனிங் தூசிக்கும் ஈரத்துக்கும் நடுவிலேயே வாழ்கிறது. சில வருடங்களில் திருகு துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் லைனிங் தேய்ந்துகொண்டே போகும், இடைவெளியும் கூடிக்கொண்டே போகும், சரிசெய்ய யாரும் இல்லை.

இந்த நிலையில் கேபிளை இறுக்கினால் என்ன ஆகும்? ஹேண்ட்பிரேக் இழுக்காதபோதே ஷூவின் நெம்புகோல் பாதி இழுபட்ட நிலையில் நிற்கும். ஷூக்கள் தாம் இளைப்பாற வேண்டிய இடத்துக்குத் திரும்பி வராது. பல கார்களில், அந்தத் தானியங்கிச் சாதனம் அசைவதற்கு நெம்புகோல் முழுக்கத் திரும்பி வந்தாக வேண்டும். அது வராததால் கொஞ்சநஞ்சம் வேலை செய்துகொண்டிருந்த சாதனமும் நின்றுவிடும். அதற்கு மேல், ஒரு பக்கம் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே ஓடும், டிரம் சூடாகும், லைனிங் சீக்கிரம் தீரும். கைப்பிடி மட்டும் பார்க்க நன்றாக இருக்கும்.

கேபிளும் நீளும், இல்லை என்று சொல்லவில்லை. புதுக் கேபிள் போட்ட முதல் சில வாரங்களில் உறையும் கம்பியும் படிந்து கொஞ்சம் தளரும். அப்போது ஒருமுறை இறுக்குவது நியாயம்தான். அதன் பிறகு ஒரு கேபிள் நீளுவது மிகக் குறைவு.

கருவி இல்லாமலே தெரிந்துகொள்வது

என் அக்கா மகன் ஓட்டுநர் உரிமத்துக்கான கே53 தேர்வுக்குப் பழகுகிறான். அந்தத் தேர்வில் கார் உருண்டால் அங்கேயே தோல்வி, அதனால் அவனுக்கு ஹேண்ட்பிரேக் மீது இப்போது தனி அக்கறை.

"மாமா, முன்னெல்லாம் அஞ்சு கிளிக்ல பிடிக்கும். இப்போ ஒம்பது வருது. இறுக்கிடலாமா?"

"கால் பிரேக் எப்படிடா இருக்கு?"

"அதுவும் கொஞ்சம் கீழ போற மாதிரிதான் இருக்கு மாமா. ரெண்டு தடவை மிதிச்சா மேல வந்துடுது."

அந்த ஒரு பதிலிலேயே பாதி விடை வந்துவிட்டது. ஒருமுறை மிதித்தால் ஆழமாகப் போய், உடனே இன்னொருமுறை மிதித்தால் மேலே வருகிற கால் பிரேக், பின் ஷூக்களில் இடைவெளி அதிகம் என்பதற்கான அடையாளம். இரண்டு பிரேக்கும் ஒன்றாகத் தளர்ந்தால் இரண்டுக்கும் பொதுவானதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பொதுவானது ஷூ. கால் பிரேக் கெட்டியாக இருந்து, கைப்பிடி மட்டும் தளர்ந்திருந்தால் கேபிளைச் சந்தேகப்படலாம். கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி அமிழ்ந்துகொண்டே போனால் அது வேறு வியாதி. திரவம் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மிதியின் விசையால் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கெட்டிருக்கிறது. அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

எத்தனை கிளிக் சரி என்பதற்கு எல்லாக் காருக்கும் ஒரே எண் கிடையாது. பல கார்களில் 4 முதல் 8 வரைக்குள் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் இருக்கும் எண்தான் உங்களுக்கு எண். கார் நன்றாக இருக்கும்போதே எண்ணி வைத்துக்கொண்டால், பின்னால் கூடும்போது தெரியும்.

இன்னும் இரண்டு பரிசோதனைகள். பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பின் சக்கரங்கள் இரண்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பக்கம் விடாமல் பிடித்திருக்கிறது. அடுத்தது டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு. கைப்பிடி முழுக்க இறங்கிய பிறகும் அது எரிந்தால் ஹேண்ட்பிரேக் ஸ்விட்சைக் குறை சொல்லும் முன் பானட்டைத் திறந்து பிரேக் திரவத்தின் அளவைப் பாருங்கள். பல கார்களில் திரவம் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும். லைனிங் தேய்ந்தாலும் திரவ மட்டம் இறங்கும். ஆகவே வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது.

காரைத் தூக்கும் முன்

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். வீட்டு வாசல் சரிவில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திவிட்டு, பின் சக்கரங்களைத் தூக்கி வைத்துச் செய்யும் வேலை இது. காரை இடத்தில் நிறுத்தும் இரண்டு விஷயங்களையும் நாமே எடுத்துவிடுகிறோம். சமதளம் இல்லாத வீடென்றால், சமமான இடம் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கனமான மரக்கட்டை வையுங்கள். முன் சக்கரத்தால் இழுக்கும் கார் என்றால் முதல் கியரில் போட்டு வைக்கலாம், அது தரையில் இருக்கும் முன் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரத்தால் இழுக்கும் பக்கி வண்டியில் அப்படி இல்லை. கியர் பிடிப்பது பின் சக்கரங்களை, அவைதான் காற்றில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் நியூட்ரலில்தான் போட வேண்டும். அப்போது வண்டியை நிறுத்துவது அந்தக் கட்டைகள் மட்டுமே. ஆகவே பக்கிக்குக் கட்டைகள் இன்னும் பெரிதாக, இன்னும் இறுக்கமாக.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டுகளை, கையேடு காட்டும் இடத்தில் வைத்து, காரை அவற்றின் மேல் இறக்குங்கள். செங்கல்லும் சிமெண்ட் கல்லும் ஸ்டாண்டு ஆகாது. அவை பாரம் தாங்கும்போது முன்னறிவிப்பு கொடுத்து வளைவதில்லை, ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டு வைத்த பிறகு காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி வையுங்கள்.

அப்புறம் தூசி. டிரம்மைத் திறந்தால் கருப்பு மாவு போல் கொட்டும். முன்பெல்லாம் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. தென்னாப்பிரிக்கா அதை வெட்டி எடுத்த நாடு. வடக்கு கேப்பின் சுரங்க ஊர்களில் அந்தத் தூசி எத்தனை குடும்பங்களின் நுரையீரலை அழித்தது என்பது இந்த நாட்டின் வரலாறு. 2008-இல் இங்கே அது தடை செய்யப்பட்டது. ஆனாலும் ஒரு பழைய காரில், எப்போதோ எங்கேயோ வாங்கிப் போட்ட லைனிங் எதனால் ஆனது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனவே எந்தத் தூசியையும் வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். முகமூடி போட்டு, பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

சக்கரத்தில் செய்யும் வேலை

முதல் வேலை, கேபிளைத் தளர்த்துவது. இறுக்க வந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஷூக்கள் முழுக்கத் திரும்பிப் போய்த் தம் இடத்தில் உட்கார்ந்தால்தான் உண்மையான இடைவெளி எவ்வளவு என்று தெரியும். பல கார்களில் கைப்பிடியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அடியில் ஒரு திருகும் அதில் இரண்டு நட்டுகளும் இருக்கும். ஒன்று சரிசெய்யும் நட், மற்றது அதை நகராமல் பிடிக்கும் லாக் நட். சில கார்களில் இது காருக்கு அடியில், குறுக்குத் தகட்டின் அருகே இருக்கும். அங்கே துரு இருந்தால் முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து விடுங்கள்.

சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்திருப்பீர்கள். தூக்கிய பிறகு சக்கரத்தை எடுத்து, டிரம்மை வெளியே இழுங்கள். பெரும்பாலும் உடனே வராது. டொயோட்டா போன்ற பல டிரம்களின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அளவான இரண்டு போல்ட்டுகளை அதில் மாறி மாறி முறுக்கினால் அவை டிரம்மைத் தாமே வெளியே தள்ளும். கொஞ்சம் வெளியே வந்து ஷூவில் மாட்டினால், டிரம்மின் உள் விளிம்பு தேய்ந்து ஒரு வரம்பு உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். ஷூக்கள் பொருந்தியிருக்கும் பின் தகட்டில் ரப்பர் மூடி போட்ட துளை வழியாகப் பல் சக்கரத்தைத் திருப்பி ஷூக்களைச் சுருக்கினால் வந்துவிடும். சுத்தியலால் பலம் காட்ட வேண்டாம், டிரம் வார்ப்பிரும்பு, விரிசல் விட்டுவிடும். பழைய கோல்ஃப் வகைகளில் டிரம்முக்குள்ளேயே சக்கர பேரிங்கும் இருக்கிறது. அதைக் கழற்றினால் பேரிங்கை மறுபடி சரியான தளர்வில் பூட்டத் தெரிந்திருக்க வேண்டும். முதல்முறை செய்பவர்கள் அதைத் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

டிரம் வெளியே இருக்கும்போது யாரும் கால் பிரேக்கைத் தொடக் கூடாது. தொட்டால் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்து விழும், திரவம் கொட்டும். குழந்தைகள் காருக்குள் ஏறி விளையாடும் வீடு என்றால் கதவைப் பூட்டிவிடுங்கள்.

இப்போது நிதானமாகப் பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். லைனிங் எவ்வளவு மிச்சம்? பல கார்களில் 1 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை. நான் அதுவரை காத்திருக்க மாட்டேன், 2 மில்லிமீட்டர் ஆனாலே மாற்றிவிடலாம். மாற்றுவதென்றால் இரண்டு சக்கரங்களிலும் சேர்த்து மாற்ற வேண்டும். வீல் சிலிண்டரின் இரண்டு முனைகளிலும் இருக்கும் சின்ன ரப்பர் தொப்பியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் வழிந்தால் சிலிண்டர் கசிகிறது. கசிந்த திரவம் லைனிங்கில் ஊறியிருந்தால் அதைத் துடைத்தோ தேய்த்தோ காப்பாற்ற முடியாது. சிலிண்டரையும் ஷூவையும் மாற்றித்தான் ஆக வேண்டும். டிரம்மின் அதிகபட்ச உள்விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் டிரம்மும் போய்விட்டது.

அடுத்து, அந்தத் தானியங்கிச் சாதனம். விரலால் பல் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். சரளமாகத் திரும்பினால் நல்லது. திரும்பாவிட்டால் குற்றவாளி அதுதான். கழற்றுவதற்கு முன் ஸ்பிரிங்குகள் எப்படி மாட்டியிருக்கின்றன என்று ஃபோனில் இரண்டு, மூன்று படம் எடுங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கத்தைத் திறங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி இருக்கும், இடவலம் மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். திருகைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை மரையில் மெல்லிதாகத் தடவுங்கள். ஷூவின் ஓரம் பின் தகட்டில் உரசும் இடங்களிலும் ஒரு பொட்டு. லைனிங்கிலோ டிரம்மிலோ பட்டுவிடக் கூடாது. பல கார்களில் இடது பக்கத் திருகும் வலது பக்கத் திருகும் எதிரெதிர் மரை உடையவை. மாற்றிப் போட்டால் சாதனம் ஷூக்களை விரிப்பதற்குப் பதிலாகச் சுருக்கிக்கொண்டே போகும். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கலக்காதீர்கள்.

டிரம்மை மாட்டி, அது ஆடாமல் இருக்க இரண்டு சக்கர நட்டுகளைப் போட்டு, பின் தகட்டுத் துளை வழியாகத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் பல் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்புங்கள். நடுவே நடுவே டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் அது சுற்றாமல் பிடிக்கும். அங்கிருந்து சில பற்கள் பின்னால் திருப்ப வேண்டும். எத்தனை என்பதைக் கையேடு சொல்லும். அது கையில் இல்லாவிட்டால் டிரம் தடையில்லாமல் சுற்றி, ஓரிடத்தில் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று லேசாக உரசுகிற அளவு போதும். மறுபக்கமும் அப்படியே. இரண்டு டிரம்மும் மாட்டிய பிறகு கால் பிரேக்கைப் பல தடவை அழுத்தமாக மிதியுங்கள். ஷூக்கள் நடுவில் வந்து அமரும். பிறகு இன்னொருமுறை சுற்றிப் பாருங்கள், உரசல் மாறியிருக்கலாம். திருத்துங்கள். இந்தத் திருத்தத்தில் அவசரப்படாதவர்கள்தான் நல்ல ஹேண்ட்பிரேக் பெறுகிறார்கள்.

இதற்குப் பிறகு கேபிள். அதற்கு அநேகமாக ஐந்து நிமிடம்கூட ஆகாது. கைப்பிடியை இரண்டு, மூன்று முறை முழுக்க இழுத்து விடுங்கள். பிறகு நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கையேடு சொல்லும் கிளிக்குக்குள் இரண்டு சக்கரமும் கையால் சுற்ற முடியாமல் பூட்டும்படி வையுங்கள். முதல் ஓரிரு கிளிக்கில் இரண்டும் சேர்ந்தாற்போல் உரசத் தொடங்க வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் அந்தப் பக்க ஷூவையோ கேபிளையோ மறுபடி பார்க்க வேண்டும். கைப்பிடியை இறக்கிவிட்டால் இரண்டும் முழுக்க விடுபட வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். இறுக்கமாகப் பிடிப்பது பாதி, முழுக்க விடுவது மீதி. எல்லாம் சரி என்றால் லாக் நட்டை இறுக்கி, சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, சக்கரம் தரையில் இருக்கும்போது நட்டுகளை இறுதியாக இறுக்குங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சரிவில், கால் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே சோதித்துப் பாருங்கள்.

கேபிளில் துரு

பிளஃப், மெர்பேங்க், இசிப்பிங்கோ என்று கடலோரமாக இருப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. உப்புக் காற்றும் கோடை மழையும் கேபிளின் உறைக்குள் புகுந்துவிடும். உறையின் முனையில் இருக்கும் ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் வாசல் திறந்துவிட்டது போலத்தான். உள்ளே துரு பிடித்த கேபிள் இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. கைப்பிடியை இறக்கினால் கை தளர்வாக உணரும், பின் சக்கரம் மட்டும் பிடித்தபடியே இருக்கும். எண்ணெய் விட்டால் சில நாள் ஓடும், பிறகு மறுபடி சிக்கும். துருவேறிய கேபிளுக்கு ஒரே தீர்வு புதுக் கேபிள். காருக்கு அடியில் போகும் வாய்ப்பு வரும்போதெல்லாம் அந்த ரப்பர் தொப்பிகளையும், உறை எங்காவது உரசித் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கைப்பிடி தானாக நழுவி இறங்குகிறது என்றால் அது வேறு. கொக்கியோ பல்லோ தேய்ந்துவிட்டது. அதை அரம் போட்டுச் சரிசெய்யப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

பின்னால் டிஸ்க் இருந்தால்

சில கார்களில் டிஸ்க்கின் நடுக் குழிவுக்குள் ஹேண்ட்பிரேக்குக்கென்று தனியாகச் சின்ன டிரம்மும் ஷூவும் இருக்கும். அதற்கும் மேலே சொன்ன வரிசைதான். முதலில் ஷூ, பிறகு கேபிள். மற்றவற்றில் கேபிள் நேராக, டிஸ்க்கை இரண்டு பேட்களுக்கு நடுவே கவ்விப் பிடிக்கும் காலிபரின் பிஸ்டனை இயக்கும். அங்கே பேட் மாற்றும்போது பிஸ்டனை வெறுமனே அழுத்தக் கூடாது. பலவற்றில் திருகிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும், அதற்கென்று கருவி உண்டு. சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும். மலையிறங்கி வந்து உடனே நிறுத்தினால், வழக்கத்தைவிட ஒரு கிளிக் கூட்டி இழுத்து, கியரிலும் போட்டு வையுங்கள்.

பொத்தானை அழுத்தினால் மோட்டார் இழுக்கும் மின் ஹேண்ட்பிரேக் என்றால், கணினிக் கருவியால் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் கழற்றக் கூடாது. அதை வொர்க்ஷாப்பில் விடுங்கள்.

நிறுத்தும் முறை

ஹேண்ட்பிரேக் பிடிப்பது இரண்டு சக்கரங்களை மட்டும். தைப்பூசக் காவடி நாளில் கோயிலுக்கு அருகே புல் சரிவில் வரிசையாகக் கார் நிறுத்துகிறோம், அது மழைக்காலமும்கூட. பிரேக் எவ்வளவு நன்றாகப் பூட்டியிருந்தாலும் ஈரப் புல்லில் அந்த இரண்டு டயர்களும் வழுக்கலாம். முன் சக்கரத்தால் இழுக்கும் காரைக் கியரிலும் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ்.

ஸ்டீயரிங்கையும் திருப்பி வையுங்கள். நாம் இடது ஓரத்தில் நிறுத்துகிறோம். இறக்கத்தில் நின்றால் சக்கரங்களை நடைபாதைப் பக்கம், அதாவது இடப்புறம் திருப்புங்கள். ஏற்றத்தில் நடைபாதைக் கல் இருந்தால் வலப்புறம், அப்போது கார் பின்னால் உருண்டால் முன் டயரின் பின்பக்கம் கல்லில் முட்டி நிற்கும். கல்லே இல்லாத ஓரம் என்றால் இரண்டு நிலையிலும் இடப்புறம்தான்.

ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர்கள் பலர் நேராக ‘பி’ (பார்க்) நிலையில் போட்டுவிட்டுக் காலை எடுக்கிறார்கள். காரின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்பு நாக்கில் விழுகிறது. மறுநாள் எடுக்கும்போது ‘டங்’ என்று சத்தம் வருவது அதனால்தான். கால் பிரேக்கைப் பிடித்தபடி நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து எடையை ஹேண்ட்பிரேக்கின் மேல் உட்கார விட்டு, பிறகு ‘பி’-க்குப் போங்கள்.

வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஹேண்ட்பிரேக் வேண்டாம். ஈரத்தோடு அழுந்திக் கிடக்கும் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். மற்றபடி தினமும் பயன்படுத்துவதே நல்ல பராமரிப்பு. ‘பி’ போதும் என்று வருடக்கணக்கில் தொடாமல் வைத்த கேபிள்தான் முதலில் சிக்குகிறது.

காரை விற்கும்போது, அது சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனைக்குப் போக வேண்டும், அங்கே ஹேண்ட்பிரேக்கையும் பார்ப்பார்கள். அதற்காகக் கடைசி நாளில் கேபிளை முறுக்கிக்கொண்டு போகாமல், ஒரு மாதம் முன்பே டிரம்மைத் திறந்து பாருங்கள். வீட்டில் செய்ய வசதியில்லை, வொர்க்ஷாப்புக்குத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் காரை விடும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, கேபிளை இறுக்குறதுக்கு முன்னாடி டிரம்மைக் கழற்றிப் பாருங்க. லைனிங் எவ்வளவு இருக்குன்னு எனக்கும் காட்டுங்க."